எழுந்து நின்றும் பேசாத பிள்ளை: ஆங்கில வகுப்பில் மனவெழுச்சி நுண்ணறிவு என்ன வேலை செய்கிறது?

ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம், நாலாவது பீரியட். "வாட் டிட் யூ டூ யெஸ்டர்டே?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் ஒரு மாணவியை எழுப்புகிறார். அவள் மேசையையே பார்க்கிறாள். இரண்டு விநாடி போகிறது. "இதுகூடத் தெரியாதா? உட்காரு. அடுத்து நீ சொல்லு."

அவளுக்குத் தெரியாதது எதுவும் அந்தக் கேள்வியில் இல்லை. நேற்று பாட்டி வீட்டுக்குப் போனாள், அது நன்றாகவே நினைவிருக்கிறது. அதைத் தமிழில் யோசித்து, ஆங்கிலச் சொல் தேடி, வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, 'கோ'வை 'வென்ட்' ஆக்கி, பிறகு வாயைத் திறக்க வேண்டும். இரண்டு விநாடியில் இது ஆகாது. ஆனால் அந்த இரண்டு விநாடியில் அவள் வேறொன்றைக் கற்றுக்கொண்டாள்: தலையைக் குனிந்து நின்றால் சீக்கிரம் உட்கார விட்டுவிடுவார்கள். அடுத்த வாரமும் அப்படித்தான் நிற்பாள்.

மனவெழுச்சி நுண்ணறிவு (எமோஷனல் இன்டெலிஜன்ஸ்), அதாவது உணர்வுகளை அறிந்து கையாளும் திறன் என்று பி.எட். தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துபோகிற பாடம் வேலைக்கு வருவது இந்த மாதிரி இடங்களில்தான்.

இந்தக் கருத்தை 1990இல் ஆய்வுக் கட்டுரையாக வரையறுத்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் அதை உலகெங்கும் பரப்பியது. அதன் பிறகு நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் இது படாதபாடு பட்டுவிட்டது. சாலவேயும் மேயரும் 1997இல் இதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள். உணர்வை முகத்திலும் குரலிலும் அடையாளம் காண்பது, அதைச் சிந்தனைக்குத் துணையாக்குவது, அது ஏன் வந்தது, அடுத்து எப்படி மாறும் என்று புரிந்துகொள்வது, தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கையாள்வது. ஆசிரியருக்கு இதைக் கேள்விகளாக வைத்துக்கொள்வது சுலபம். இவள் இப்போது என்ன உணர்கிறாள்? அந்த உணர்வு பேசுவதற்கு உதவுமா, தடுக்குமா? எங்கிருந்து வந்தது? அடுத்த அரை நிமிடத்தில் நான் எதை மாற்றலாம்?

'பிள்ளைகளிடம் அன்பாக இருப்பது' என்று இதைச் சுருக்கிக்கொள்பவர்கள் உண்டு. அது போதாது. மிக அன்பான ஆசிரியர்கூட ஒரு பிள்ளை பேசும்போது நான்கு முறை குறுக்கிட்டுத் திருத்தி வாயடைத்துவிட முடியும். கறாரான ஆசிரியர் வகுப்பில் எல்லாரும் பயமில்லாமல் கை தூக்குவதும் உண்டு, ஏனென்றால் அங்கே யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது.

இது ஆங்கிலப் பாடத்தில் ஏன் இவ்வளவு முக்கியம்? கணக்கில் தப்பு வந்தால் விடைதான் தப்பு. மொழி வகுப்பில் பேசுகிறவனே தப்பாகத் தெரிகிறான். தமிழில் நான்கு பேரைச் சிரிக்க வைக்கும் பதினான்கு வயதுப் பையன் ஆங்கிலத்தில் 'திஸ் இஸ் மை பேக்' அளவில்தான் பேச முடியும். தன்னைவிட மிகச் சின்னவனாக எல்லார் முன்னும் நிற்க வேண்டியிருக்கிறது. எலைன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோவன் கோப் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு, பிறமொழி வகுப்பில் வரும் பதற்றம் பொதுவான கூச்ச சுபாவத்திலிருந்து வேறானது என்றது. அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலையும் தந்தது. பேச வேண்டுமே என்ற பயம், தேர்வுப் பயம், மற்றவர்கள் மட்டமாக நினைப்பார்களோ என்ற பயம் என மூன்றையும் அவர்கள் இதோடு இணைத்துப் பார்த்தார்கள். நம் வகுப்புகளில் மூன்றாவதுதான் முதலில் நிற்கிறது. இங்கே ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமில்லையே. யார் எந்தப் பள்ளியில் படித்தார்கள், வீட்டில் எவ்வளவு வசதி என்பதையெல்லாம் அது காட்டிக்கொடுக்கும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் இதையே வேறு விதமாகச் சொன்னார். பதற்றமும் தன்னம்பிக்கைக் குறைவும் இருந்தால் காதில் விழும் மொழி உள்ளே போய்ச் சேராமல் ஒரு வடிகட்டி தடுக்கிறது என்பது அவர் கருத்து. அந்த வடிகட்டியை எப்படிச் சோதித்து நிறுவுவது என்ற விமர்சனம் நியாயமானதுதான். வடிகட்டி என்ற உருவகத்தை விட்டுவிட்டாலும் வகுப்பில் காண்பது ஒன்றே: பதறுகிற மனம் 'எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்' என்பதிலேயே பாதி கவனத்தைச் செலவழிக்கிறது. சொல் தேட மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

சரி, ஒரு பிள்ளை பேசாமல் நிற்கிறது. முதல் வேலை, அது எந்த மாதிரி மௌனம் என்று கண்டுபிடிப்பது. எல்லா மௌனத்துக்கும் ஒரே மருந்து கொடுப்பதில்தான் பெரும்பாலான வகுப்புகள் சறுக்குகின்றன.

கேள்வியே புரியாத மௌனம் ஒன்று. கண்கள் பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் விடை தேடும், புருவம் சுருங்கும். இதற்குக் கேள்வியை உரக்கத் திரும்பச் சொல்வது பயன்தராது, சொற்களை மாற்ற வேண்டும். 'வாட் டிட் யூ டூ' புரியாவிட்டால் 'யெஸ்டர்டே, சண்டே. ஹோம்? மார்க்கெட்? டெம்பிள்?' என்று கேளுங்கள். அதுவும் புரியவில்லையா, ஒரு வரி தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புங்கள். தமிழ் பேசினால் குற்றம் என்ற விதியால் மிச்சமாவது பூஜ்யம்.

கேள்வி புரிந்து, சொல் கிடைக்காத மௌனம் இரண்டாவது. பார்வை மேலேயோ ஓரமாகவோ போகும், உதடு லேசாக அசையும், 'ஐ... ஐ...' என்று தொடங்கி நிற்கும். இந்தப் பிள்ளைக்குத் தேவை நேரமும் ஒரு பிடிமானமும். 'ஐ வென்ட் டு...' என்று வாக்கியத்தின் முதல் பாதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் மீதி வந்துவிடும்.

மூன்றாவது, எல்லாம் தெரிந்தும் குரல் வராத மௌனம். கழுத்து இறுகி, கை புத்தக ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருக்கும். பார்வை ஆசிரியர் மேல் இருக்காது, பின் பெஞ்சை நோக்கி ஒருமுறை போய்வரும். இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு: "பக்கத்திலிருப்பவளிடம் மட்டும் சொல்" என்று சொல்லிப் பாருங்கள். சரளமாகச் சொன்னால் பிரச்சினை ஆங்கிலத்தில் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கும் நாற்பது பேரில் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கிராமர் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

நான்காவது, ஆங்கிலத்துக்குத் தொடர்பே இல்லாத மௌனம். காலையில் சாப்பிடவில்லை, வீட்டில் ராத்திரி சண்டை, மாதவிடாய் வலி, தூக்கமின்மை. இந்தப் பிள்ளை முந்தைய பீரியடிலும் அப்படித்தான் இருந்திருக்கும். வகுப்பு முடிந்ததும் தனியாகத் தமிழில் ஒரு வார்த்தை கேட்டால் போதும், வகுப்புக்கு நடுவே கேட்கவே கூடாது.

திருப்பூர், சென்னை போன்ற ஊர்ப் பள்ளிகளில் ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. இந்தியோ ஒடியாவோ பேசும் வெளிமாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழும் புதிது, ஆங்கிலமும் புதிது. புதிய மொழிக்குள் வந்த குழந்தைகள் சில வாரங்களோ மாதங்களோ பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அந்தக் காலத்தில் படத்தைக் காட்டச் சொல்லலாம், வரையச் சொல்லலாம், சொன்னதைச் செய்யச் சொல்லலாம். வாயால்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவசரப்படுத்தக் கூடாது.

அடுத்தது காத்திருப்பது. இதில் செலவு இல்லை, பலன் உடனே தெரியும். அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட முடிவின்படி, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பதிலே வராத நேரங்கள் குறைந்தன, கேட்கப்படாத பிள்ளைகளும் தாமாகப் பேச வந்தார்கள். அறிவியல் வகுப்புக்கே இந்தக் கணக்கு என்றால், மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு 5 முதல் 8 விநாடியாவது வேண்டும். கடிகாரம் பார்க்க வேண்டாம். மெதுவாக ஒரு மூச்சு இழுத்து விட்டால் நாலைந்து விநாடி ஆகிவிடும், இரண்டு மூச்சு விடுங்கள்.

இதிலும் கெடுகிற இடங்கள் உண்டு. கண் கொட்டாமல் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் அது விசாரணை. பார்வையை வகுப்பு முழுவதும் விடுங்கள், பலகையில் ஏதாவது எழுதுங்கள். பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பதும் தவறு. 'முத்து, வாட் இஸ்...' என்றதுமே மீதி நாற்பது பேரின் மூளைக்கு விடுமுறை, முத்துவுக்கு மட்டும் நெஞ்சு படபடக்கும். கேள்வி முதலில், அமைதி பிறகு, பெயர் கடைசியில். இன்னும் நல்லது: கேள்வி கேட்டதும் எல்லாரும் 1 நிமிடம் நோட்டில் எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் 1 நிமிடம் சொல்லட்டும், அதன் பிறகு எழுப்புங்கள். எழுந்து நிற்பவள் அந்த வாக்கியத்தை ஏற்கெனவே ஒருமுறை வாயால் சொல்லியிருப்பாள்.

இனித் திருத்தம். மனவெழுச்சி நுண்ணறிவும் மொழியறிவும் ஒரே நொடியில் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இடம் இது.

மாணவி சொல்கிறாள்: "யெஸ்டர்டே ஐ கோ டு பாட்டி ஹவுஸ்."

ஒரு வழி: "ஓ, யூ வென்ட் டு பாட்டிஸ் ஹவுஸ்! வாட் டிட் ஷீ குக்?" சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அவள் சொன்ன விஷயத்தில் அக்கறையும் காட்டியாயிற்று. அவள், "ஷீ குக்... குக்ட் கருவாட்டுக் குழம்பு" என்கிறாள். வகுப்பு சிரிக்கிறது, ஆனால் இது அவளோடு சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு.

இன்னொரு வழி: "யெஸ்டர்டே... ஐ...?" என்று குரலை ஏற்றி நிறுத்துவது. பிள்ளையே யோசித்து 'வென்ட்' என்று திருத்த வேண்டும்.

எது நல்லது? ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் கனடாவில் பிரெஞ்சு வழியில் கற்கும் வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் எழுதியது இங்கே உதவும். ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் முதல் வகை. ஆனால் மாணவர்கள் தாமே திருத்திக்கொள்வதற்கு இரண்டாம் வகை போன்ற தூண்டுதல்களே அதிகம் உதவின. முதல் வகையைப் பிள்ளைகள் பல நேரம் திருத்தமாகவே கவனிப்பதில்லை, ஆசிரியர் தலையாட்டுகிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனவே 'மென்மையான திருத்தமே எப்போதும் சிறந்தது' என்று சொல்ல முடியாது. இன்றுதான் முதல் முறை வாய் திறந்தவளுக்கு முதல் வழி. தினமும் கை தூக்குகிற, தப்பானாலும் அசராத பையனுக்கு இரண்டாவது வழி. ஒரே தவறு, இரண்டு பிள்ளைகள், இரண்டு திருத்தங்கள். அதைத் தேர்ந்தெடுப்பதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் நுண்ணறிவு.

எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வேண்டும். ஒருவர் எழுந்து பேசும் ஒரு முறைக்கு ஒரு திருத்தம், அவ்வளவுதான். அதுவும் பொருளைக் குழப்பும் தவறாக இருக்கட்டும். 'வேர் யூ ஆர் கோயிங்?' என்பது புரிகிறது, இன்று விட்டுவிடலாம். 'டிட் யூ வென்ட்?' என்பதும் புரிகிறது, ஆனால் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் தனியாகப் பாடம் எடுக்கத் தகும். பிள்ளைகள் பேசும்போது இவற்றை உங்கள் நோட்டில் குறித்துவையுங்கள். கடைசி 5 நிமிடத்தில் மூன்று நான்கு வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள். தவறு அப்போது யாருடையதாகவும் இருக்காது.

உச்சரிப்பில் இரட்டிப்புக் கவனம் தேவை. 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆவதற்குக் காரணம் அலட்சியமில்லை. தமிழ்ச் சொற்கள் இரண்டு மெய்யொலிகள் சேர்ந்து தொடங்குவதில்லை, அதனால் நாக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தைத் தேடிப் போகிறது. ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்தி இதைத் திருத்தினால் அவன் வீட்டாரின் பேச்சையே திருத்தியது போலாகிவிடும். வகுப்பு முழுவதும் சேர்ந்து 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டி, பிறகு 'கூல்' என்று ஒட்டிச் சொல்லப் பழகட்டும். கூட்டுக் குரலில் யாருக்கும் வெட்கம் இல்லை.

பாராட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் 'வெரி குட்' என்றால் மூன்றாம் நாளே அதன் மதிப்பு போய்விடும். "போன வாரம் ஒரு வாக்கியம், இன்று 'பிகாஸ்' போட்டு இரண்டைச் சேர்த்திருக்கிறாய்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

கேலிதான் பெரிய விஷயம். தப்பாகப் பேசினால் சிரிப்பு, நன்றாகப் பேசினால் "பீட்டர் விடுறான் பாரு" என்று நக்கல். இரண்டு பக்கமும் அடி வாங்குவதால் நடுவில் இருப்பவர்களுக்கு மௌனமே பாதுகாப்பு. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள்கூட வேண்டுமென்றே கொச்சையாகப் பேசித் தப்பிக்கிறார்கள்.

சிரிப்பு எழுந்த அந்த நொடியில், சிரித்தவனைப் பார்க்காதீர்கள். பேசிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து, "கோ ஆன், தென் வாட் ஹேப்பன்ட்?" என்று விஷயத்துக்குள் இழுங்கள். வாக்கியம் முடியட்டும். சிரித்தவனிடம் பீரியட் முடிந்த பிறகு தனியே, சுருக்கமாகப் பேசுங்கள். பாடத்தை நிறுத்திப் பத்து நிமிடம் அறிவுரை சொல்லும் ஆசிரியர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அவமானப்பட்ட பிள்ளை நடுவில் நின்றுகொண்டிருக்கும். அதேபோல் "அவளைப் பாருங்கள், எவ்வளவு அழகாகப் பேசுகிறாள்" என்று யாரையும் உதாரணமாக்காதீர்கள். சொன்ன மறுநாளிலிருந்து அவளும் பேச மாட்டாள். 'பேசுகிறவர் முடிக்கும்வரை யாரும் சிரிப்பதில்லை, சொல் எடுத்துக் கொடுப்பதுமில்லை' என்ற விதியைக் கல்வியாண்டின் முதல் வாரமே வையுங்கள். சொல் எடுத்துக் கொடுப்பதும் ஒருவகைப் பறிப்புதான்.

இத்தனையும் ஆசிரியரின் மனம் ஓரளவு நிதானமாக இருந்தால்தான் நடக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட், நாற்பத்தைந்து பேர், முடிக்க வேண்டிய பாடம் இரண்டு என்னும்போது 'இதுகூடத் தெரியாம ஒன்பதாவது வந்துட்டே' என்ற வாக்கியம் தானாக வரும். அது வருவதற்கு முன் உடம்பு சொல்லிவிடும்: தாடை இறுகும், குரல் ஒரு படி ஏறும், பேச்சு வேகமாகும். உங்களுக்கு இதில் எது முதலில் வருகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வதே பாதி வேலை. 'எனக்கு எரிச்சல் வருகிறது' என்று உணர்வுக்குப் பெயர் வைப்பதும் உதவுகிறது. பெயரிடும்போது மூளையில் பயம் போன்ற உணர்வுகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு குறைவதை உளவியலாளர் மாத்யூ லீபர்மன் குழு 2007இல் மூளைப் படங்களோடு காட்டியது. கூடவே கையில் ஒரு தயார் வேலை இருக்கட்டும். "பக்கம் திறந்து, தெரியாத மூன்று சொல்லைக் குறியுங்கள், 2 நிமிடம்." அந்த இரண்டு நிமிடம் அவர்களுக்காக மட்டும் இல்லை.

வெளியே பேசப்படாத ஒன்றும் உண்டு. ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்கள் பலருக்கே ஆங்கிலம் பேசப் பயம். அந்தப் பயம் சிலரிடம் முழுக்கத் தமிழில் விளக்கிவிடுவதாக வெளிப்படும், சிலரிடம் கிண்டலாக. ஒரு சொல்லின் உச்சரிப்பு தெரியாமல் மாட்டிக்கொண்டால் சமாளிக்க வேண்டாம். "லெட்ஸ் செக்" என்று அகராதியையோ கைப்பேசியையோ திறந்து ஒலியைக் கேட்கவையுங்கள். தெரியாதபோது என்ன செய்வது என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் பார்த்துக் கற்கிறார்கள்.

ஒரு 40 நிமிட பீரியடில் இதையெல்லாம் எப்படி அடுக்குவது? வருகைப் பதிவுக்கு 3 நிமிடம். அடுத்த 5 நிமிடம் எளிய தொடக்கம்: 'டயர்ட், ஹேப்பி, ஹங்ரி, வொரீட்' என்று நான்கு சொற்களைப் பலகையில் எழுதி, தமக்குப் பொருந்துவதற்குக் கை தூக்கச் சொல்லலாம். யாரையும் காரணம் கேட்காதீர்கள், கேட்டால் அடுத்த நாளிலிருந்து எல்லாரும் 'ஹேப்பி'. பாடமும் மாதிரி வாக்கியங்களும் 8 நிமிடம். தனியாக எழுத 3. ஜோடியாகப் பேச 6, நடுவில் ஜோடியை மாற்றுங்கள், ஏனென்றால் அதே விஷயத்தை இரண்டாம் முறை சொல்லும்போது தடுமாற்றம் குறையும். வகுப்பு முன் நாலைந்து பேர் பேச 8. பெயரில்லாத் திருத்தம் 5. கடைசி 2 நிமிடம் துண்டுச் சீட்டு: 'இன்று எங்கே மாட்டிக்கொண்டாய்?' என்ற கேள்விக்குத் தமிழில் எழுதினாலும் சரி. இந்தச் சீட்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், தினமும் என்றால் சலித்துவிடும்.

கல்லூரி முதலாண்டிலும் முறை இதேதான், வெட்கம் மட்டும் இன்னும் ஆழமாக இருக்கும். பன்னிரண்டு வருடம் படித்தும் பேச வரவில்லையே என்ற எண்ணத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். சுயஅறிமுகம் என்ற பெயரில் முதல் நாளே மேடையேற்றுவதைத் தவிருங்கள். நான்கு பேர் குழுவில், தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, டூவீலர் பஞ்சர் போடுவதையோ ஊர்த் திருவிழாவில் பந்தல் போடுவதையோ, செய்முறையாகச் சொல்லச் சொல்லுங்கள். சொல்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்னும்போது மொழித் தடுமாற்றம் அவ்வளவாக உறுத்தாது.

சிரமமே இல்லாமல் செய்துவிடுவதும் ஒரு தவறுதான். கூச்சப்படும் பிள்ளையை வருடம் முழுக்க எழுப்பாமல் விடுவது கருணை மாதிரி தெரியும், ஆனால் அது அந்தப் பிள்ளையைக் கைவிடுவது. படி வைத்து ஏற்றுங்கள்: முதல் இரண்டு வாரம் ஜோடியில் மட்டும், பிறகு நால்வர் குழுவில், பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வாக்கியம், அப்புறம் எழுந்து நின்று எழுதியதைப் படிப்பது, கடைசியில் பார்க்காமல் பேசுவது. அடுத்த படிக்கு எப்போது என்று அந்தப் பிள்ளையிடமே முந்தைய நாளே கேட்டுவையுங்கள். "நாளைக்கு மூணாவது கேள்வி உனக்கு" என்று முன்கூட்டிச் சொன்னாலே பாதி பயம் இறங்கிவிடும்.

எல்லாம் செய்தும் ஒரு பிள்ளை பேசவில்லை என்றால் தமிழ் ஆசிரியரிடமும் கணக்கு ஆசிரியரிடமும் விசாரியுங்கள். எல்லாப் பாடத்திலும் மௌனம் என்றால் விஷயம் வேறு. காது சரியாகக் கேட்கிறதா, திக்குவாய் உண்டா, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பெற்றோரோடு பேசிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் அடி, தொந்தரவு என்று சந்தேகம் வந்தால் தலைமையாசிரியர் வழியாக உடனே நடவடிக்கை எடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. அங்கே ஆங்கில ஆசிரியர் ஆலோசகர் வேலை பார்க்க முயல வேண்டாம். கேட்டுக்கொள்ளுங்கள், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.